45 இறாத்தல் கோடியாக் வில்லும் திருகோணமலை வெயிலும்: ஒன்பது வருச அனுபவம்

மாமா கனடா ஸ்காபரோவிலிருந்து பெட்டியில் போட்டு அனுப்பிய ரீகர்வ் வில் இது, நுனிகள் முன்பக்கம் வளைந்த வகை. பெயார் ஆர்ச்சரி என்ற அமெரிக்க வில் கம்பனியின் கோடியாக், 60 அங்குலம். 28 அங்குலம் இழுத்தால் இழுவிசை 45 இறாத்தல். "1953ஆம் ஆண்டு வில்லடா, கவனம்" என்று போனில் சொன்னார். வில்லிலும் 1953 என்று எழுதியிருக்கிறது. ஆனால் அது கனடாவில் காப்புரிமை எடுத்த ஆண்டு. 1972 வரை வந்த பல வில்களில் அதே எண்தான். வயதுக்குப் பிடியருகே பதித்த வட்டப் பதக்கத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். 1973இலிருந்து அது புடைத்து நிற்கும். என்னுடையதில் விரலை ஓட்டினால் தட்டுப்படாது, மரத்தோடு மட்டம்.

மாமா இதோடு மானுக்குப் போனவர். நான் வளவில் பழந்துணி அடைத்த உரச்சாக்குக்கு மட்டும் எய்கிறேன். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் புள்ளிமான்கள் ஆளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற ஊர் இது; இங்கே வேட்டை என்ற நினைப்பே எனக்கு இல்லை. 20 யாரில் ஐந்து அம்பும் ஒரு சிரட்டை அகலத்துக்குள் விழ எனக்கு இரண்டு வருசம் பிடித்தது. எந்த நாட்டிலென்றாலும், அந்தக் கைப்பழக்கம் வராமல் ஓர் உயிரை நோக்கி நாணை இழுக்கக்கூடாது.

நாண் டாக்ரானாகவே, கொஞ்சம் இழுபடும் பொலியஸ்டர் நூலாகவே இருக்கவேண்டும். இப்போதைய இழுபடாத நாண்கள் வேகம் தரும், ஆனால் அந்த அதிர்ச்சியைப் பழைய வில்லின் நுனிகள் தாங்காது, வெடித்துவிடும். கிழமைக்கொருமுறை தேன்மெழுகு பூசுகிறேன். நாண் ஏற்ற, இரண்டு நுனியிலும் மாட்டி வில்லை வளைக்கும் கயிறுதான். காலுக்குள் விட்டு வளைத்தால் வில்லின் கை, அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி, முறுகிப்போகும். மாரியில் அம்பின் இறகு நனைந்து சுருங்கும், அது பெரிய விசயமில்லை.

பெரிய எதிரி வெயில். பிறகு வாங்கிய இன்னொரு பழைய வில்லை ஒருநாள் உப்புவெளியில், பூட்டிய வானுக்குள் மதியம் இரண்டு மணித்தியாலம் விட்டுவிட்டேன். மாலையில் நாண் ஏற்றும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். மேல் கையின் ஓரத்தில் பைபர் கிளாஸ் தாள் மரத்தை விட்டு எழும்பியிருந்தது. நகநுனி உள்ளே போனது. பசை இளகிவிட்டது. அதன்பின் அதில் ஓர் அம்பும் வைக்கவில்லை.

கோடியாக் இப்போது அடுப்படிக்கு எதிர்ப்பக்க அறையில், நிழல் சுவரில், இரண்டு மர ஆணிகளில் நாண் கழற்றிக் கிடையாகக் கிடக்கிறது. கைகள் இன்னும் நேர். இந்த நாணின் நடுச்சுற்று, அம்பு பொருத்தும் இடத்தில் சுற்றிய நூல், பிரியத் தொடங்கியிருக்கிறது, மாரிக்கு முன் மாற்றவேண்டும்.