‘ஐ7’ என்று மட்டும் எழுதப்பட்ட பற்றுச்சீட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் கணினி விளையாட்டுக்கென மடிக்கணினி வாங்கப்போகும் இளையோரும், அவர்களுக்காக வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவினர்களும் இதைத் தயவுசெய்து முழுமையாக வாசியுங்கள். கணினியின் மூளையான புரொசசரின் முழு இலக்கமும் அதன் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தும் பற்றுச்சீட்டில் இல்லையென்றால், கடைக்காரர் எவ்வளவு இனிமையாகக் கதைத்தாலும் அந்தப் பொருளை வாங்க வேண்டாம். அந்த ஓர் எழுத்து விடுபட்ட இடத்தில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளையை ஏமாற்றினார்கள்.

உயர்தரப் பரீட்சையை முடித்த என் பெறாமகனுக்கு, கனடாவிலிருக்கும் அவனுடைய மாமா மூன்று இலட்சம் ரூபாயை நெருங்கும் தொகையை அனுப்பியிருந்தார். இன்டெல் கோர் ஐ5-12450எச் புரொசசரும் காட்சிகளை வரையும் தனிப் பகுதியான என்விடியா ஆர்டிஎக்ஸ் 2050 கிராபிக்ஸும் கொண்ட ஒரு மடிக்கணினியைத் தெரிவுசெய்து, நகரிலுள்ள ஒரு கடையில் விலை பேசி, முற்பணமும் கட்டினோம். மொடல் விவரத்தை அந்தக் கடையே வாட்ஸப்பில் அனுப்பியது. அச்செய்தி இன்றும் எங்களிடம் இருக்கிறது. கணினியை எடுக்கப் பிள்ளை தனியாகப் போன அன்று, “தம்பி, ஐ5 முடிஞ்சுது. அதே விலைக்கு ஐ7 தாறம், உங்களுக்குத்தான் லாபம்” என்று சொல்லி, விண்டோஸ் நிறுவுவதற்காகத் தாங்களே உறையைப் பிரித்து வைத்திருந்த ஒரு கணினியைக் கொடுத்தார்கள். பற்றுச்சீட்டில் ‘கோர் ஐ7 மடிக்கணினி, 16 ஜிபி’ என்பதற்கு மேல் எதுவும் எழுதப்படவில்லை. உள்ளே இருந்தது ஐ7-1255யு.

இந்த மாற்று ஏன் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையை நம்பவைக்கக்கூடியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் காட்டிய எண்கள் ஒன்றுகூடப் பொய்யல்ல. ஐ7-1255யு புரொசசரில் 10 கோர்கள், அதாவது கணக்கிடும் தனித்தனிப் பகுதிகள், இருக்கின்றன, ஐ5-12450எச் புரொசசரில் 8 கோர்கள்தான். ஐ7 இன் உச்ச வேகம் 4.7 கிகாஹேர்ட்ஸ், ஐ5 இனுடையது 4.4 கிகாஹேர்ட்ஸ், இரண்டும் 12ஆம் தலைமுறை, இரண்டுக்கும் 12 எம்பி கேஷ் (புரொசசருக்குள் இருக்கும் சிறு நினைவகம்). அப்படிப் பார்த்தால் 7 என்பது 5ஐ விடப் பெரியதென்றே எவருக்கும் தோன்றும். கடையில் சொல்லாமல் விட்டவை இரண்டு. அந்த 10 கோர்களில் விளையாட்டின் சுமையைத் தாங்கும் வேகக் கோர்கள் இரண்டே இரண்டு, மீதி எட்டும் மின்சாரத்தைச் சேமிப்பதற்கான சிறிய கோர்கள். எச் புரொசசரிலோ வேகக் கோர்கள் நான்கு. அதைவிட முக்கியமானது மின்வலு. 1255யு இன் அடிப்படை வலு 15 வாட், 12450எச் இன் அடிப்படை வலு 45 வாட். இரண்டுமே கொஞ்ச நேரத்துக்கு அந்த அளவைத் தாண்டி ஓடும். 1255யு 55 வாட் வரைகூடப் போகும். ஆனால் அந்த உயரத்தில் அது நிலைத்து நிற்காது. விளம்பரத்திலுள்ள 4.7 கிகாஹேர்ட்ஸ் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு உரியது. விளையாட்டோ மணிக்கணக்கில் நடப்பது.

வீட்டில் நடந்ததும் அதுவேதான். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டைத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் குறையின்றி ஓடிய பின், பலர் ஒரே இடத்தில் மோதும் கட்டங்களில் காட்சி விக்கத் தொடங்கியது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துப் பார்த்தபோது, புரொசசரின் வலு 15 வாட்டுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டதையும், கிராபிக்ஸ் பாதி வேலைகூட இல்லாமல் காத்திருப்பதையும் கண்டோம். புரொசசர் போதாமல் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை, ஏனெனில் ஆர்டிஎக்ஸ் 2050 பேசியபடியே உள்ளே இருந்தது. பெயரின் கடைசியில் யு வரும் குறைந்த மின்வலு வகைப் புரொசசர்களை நான் குறைசொல்லவில்லை. படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் அவை மிகவும் நல்லவை, மின்கலமும் நீண்ட நேரம் நிற்கும். விளையாட்டுக்கென்று கேட்டுவந்த பிள்ளையிடம் அதை ‘உயர்ந்தது’ என்று சொல்லிக் கொடுத்ததுதான் மன்னிக்க முடியாத செயல்.

கடைக்கு நானே அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். “அண்ணை, ஐ7 தந்தும் குறை சொன்னா நாங்கள் என்ன செய்யிறது?” என்று கேட்டார்கள். வாட்ஸப் செய்தியைக் காட்டியபோது, உறை பிரிக்கப்பட்ட பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள், பிரித்தவர்கள் அவர்களே. பிறகு இறங்கிவந்ததுபோல் இன்னொரு கணினியைக் காட்டினார்கள். “ரைசன் 5, 7000 வரிசை, ஆகப் புதிசு” என்று சொன்ன அது, ரைசன் 5 7520யு. ரைசன் என்பது இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் புரொசசர். ஏஎம்டியின் இந்த வரிசையில் முதல் இலக்கம் வெளியீட்டு ஆண்டைத்தான் குறிக்கிறது; கோர் எந்தத் தலைமுறை என்பதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520 இல் அது 2, அதாவது 2019இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு. கோர்கள் நான்கு, தனிக் கிராபிக்ஸும் கிடையாது. ரைசன் 7 7840எச்எஸ் என்றால் மூன்றாவது இலக்கம் 4, அது உண்மையிலேயே புதிய ஸென் 4. ஒரே 7000 வரிசைக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறது. ஒரு தவறைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவையும் அதே வழியில் ஏமாற்ற முயன்றது எனக்குப் பெரும் வேதனையைத் தந்தது.

2023இன் இறுதியிலிருந்து இன்டெல் தன் புதிய பெயர்களில் ‘ஐ’ எழுத்தைக் கைவிட்டிருப்பதால் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. கோர் 7 150யு என்பதும் இரண்டு வேகக் கோர்களும் 15 வாட் அடிப்படை வலுவும் கொண்ட யு வகைதான். ஆகவே பெயரின் முன்பகுதியை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். விளையாட்டுக்கு இன்டெலில் எச் அல்லது எச்எக்ஸ், ஏஎம்டியில் எச், எச்எஸ் அல்லது எச்எக்ஸ். காசைக் கொடுப்பதற்கு முன், கடையிலேயே கணினியை இயக்கச் சொல்லி, விண்டோஸிலுள்ள டாஸ்க் மனேஜரில் செயற்றிறன் (Performance) பகுதியைத் திறந்தால் புரொசசரின் முழுப் பெயரும் மேலே தெரியும். அதை ஒரு படம் எடுத்து, அதே பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கிராபிக்ஸின் பெயரையும் அதன் நினைவக அளவையும் தொடர் இலக்கத்தையும் கூடவே எழுதுவிப்பது நல்லது. எழுத மறுக்கும் கடையில் வாங்குவதற்கு எதுவுமில்லை.

நாங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அது முடிவாகும் வரை கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடைசெய்கிறது. ஆனால் பொருளை வாங்கிய மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. ‘ஐ7 மடிக்கணினி’ என்று மட்டும் எழுதிய பற்றுச்சீட்டு உங்களிடமும் இருந்தால், டாஸ்க் மனேஜரை இன்றே திறந்து பாருங்கள். பேசியது ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருந்தால், கடையுடன் நடந்த உரையாடல்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு அந்தத் தவணைக்குள் எழுதிக் கொடுங்கள்.