தாழ்ப்பாள் இல்லாத கதவு: சிறுமிகளுக்கான மனித உரிமை அறிக்கைப் பயிற்சி எப்படி இருந்தது?

எட்டு வாரம் நடக்கும் ஒரு இணையவழிப் பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன். சிறுமிகளும் இளம்பெண்களும் ஐ.நா. மனித உரிமைக் குழுக்களுக்குத் தாங்களே அறிக்கை எழுதப் பழகுவதற்கான பயிற்சி இது. கட்டணம் கிடையாது. நான் நடத்தும் சிறிய வாசிப்புக் குழுவிலிருந்து ஒன்பது பேர் சேர்ந்தார்கள். சின்னவளுக்கு 15 வயது, மூத்தவளுக்கு 22. பதினெட்டு வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் நானும் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்தேன்.

பயிற்சியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நாங்கள் அனுப்பிய அறிக்கை பொதுவில் இருக்கிறது. பயிற்சியின் பெயர் தெரிந்தால் அறிக்கை எது என்று தெரிந்துவிடும், அறிக்கை தெரிந்தால் அந்த ஒன்பது பேர் யார் என்று கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. இப்படி யோசிக்கச் சொல்லிக்கொடுத்ததே அந்தப் பயிற்சிதான், அதற்காகவே அவர்களுக்கு முதல் நன்றி.

இந்த விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை, சுருக்கமாகச் சீடா, 1979 டிசம்பரில் ஏற்கப்பட்டு 1981 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதில் 189 நாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாடும் குறைந்தது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தன் நிலையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது, 23 நிபுணர்கள் கொண்ட குழு அதைப் படித்துக் கேள்வி கேட்கும். அரசு தன்னைப் பற்றித் தானே எழுதும் அறிக்கையில் எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கும்? அதனால் குடிமக்கள் அமைப்புகள் தங்கள் பக்கத்து அறிக்கையைத் தனியாக அனுப்பலாம். நிழல் அறிக்கை, மாற்று அறிக்கை என்றெல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள்.

இதில் சிறுமிகளுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, பயிற்சியின் இரண்டாவது வாரத்தில்தான் எனக்கே அது புரிந்தது. சீடாவின் 30 பிரிவுகளும் பெரும்பாலும் பெண்கள் என்றுதான் பேசுகின்றன. சிறுமிகள் என்ற சொல் 10ஆம் பிரிவில், பள்ளியைப் பாதியில் விட்டவர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறது. 1989இல் வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோ குழந்தை என்று பொதுவாகப் பேசுகிறது. பெண்கள் பற்றிய அறிக்கையில் வளர்ந்தவர்களின் வேலை, சொத்து, திருமணம் எல்லாம் வந்துவிடும், குழந்தைகள் பற்றிய அறிக்கையில் தடுப்பூசியும் பள்ளிச் சேர்க்கையும் வந்துவிடும், பதினைந்து வயதுப் பெண் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுவாள். 'அப்படியானால் நாங்கள் எதில் இருக்கிறோம் அக்கா?' என்று எங்கள் சின்னவள் கேட்டாள். பயிற்சியாளர் மழுப்பாமல் பதில் சொன்னார்: இரண்டிலும் இருக்கிறீர்கள், ஆனால் யாராவது எழுதினால்தான் இருப்பீர்கள்.

இந்தப் பயிற்சியின் உச்சம் மூன்றாவது வாரம். ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொன்னார்கள்: நான் கண்டது, நான் கேட்டது, நான் ஊகித்தது. தங்கள் ஒரு நாளில் உரிமை தொடர்பாக ஏதோ சரியில்லை என்று தோன்றும் இடங்களை எல்லாம் அந்த மூன்றில் ஒன்றில் போட வேண்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிறோம், ஆனால் எப்படித் தீர விசாரிப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. 'எங்கள் பள்ளியில் பெண்களை மதிப்பதில்லை' என்று ஒருத்தி முதல் பத்தியில் எழுதியிருந்தாள். அதை நீ எங்கே கண்டாய், என்ன கண்டாய் என்று பயிற்சியாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனார், இருபது நிமிடம் கழித்து அந்த இடத்தில் இருந்த வரி இது: 'கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நாங்கள் இரண்டு பேராகத்தான் போவோம், ஒருத்தி உள்ளே இருக்கும்போது இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.'

நான் பல வருடமாகப் பெண் கல்வி பற்றிப் படிக்கிறேன், பேசுகிறேன். அந்த இரண்டு வாக்கியம் செய்ததை நான் படித்த எந்த அறிக்கையும் எனக்குச் செய்யவில்லை. அதைப் படித்தவுடன் அடுத்த கேள்விகள் தாமாக வருகின்றன: துணைக்கு ஆள் வராத நாளில் என்ன செய்வாள்? தண்ணீர் குடிக்காமல் இருப்பாளா? மாதவிடாய் நாட்களில்? மற்ற எட்டு பேரும் அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு தங்கள் தோழிகளிடம் போனார்கள், ஒரே வாரத்தில் நான்கு பள்ளிகளின் நிலவரம் கைக்கு வந்துவிட்டது. உடன்படிக்கையை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நாடுகளுக்கு விளக்கிச் சீடா குழு 2017இல் வெளியிட்ட 36ஆம் பொதுப் பரிந்துரை முழுக்க முழுக்கச் சிறுமிகள், பெண்களின் கல்வி பற்றியது, அதில் பள்ளிக் கழிப்பறை வசதியும் பேசப்படுகிறது என்று காட்டியபோது அவர்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். தாங்கள் சொல்வது அற்ப விஷயம் என்ற கூச்சம் அன்றோடு போனது.

நான்காவது வாரம் சம்மதமும் பாதுகாப்பும். இதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரிடமாவது பேசப் போகும்முன் எதற்காகக் கேட்கிறோம், யார் படிப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் 'என் பேச்சை எடுத்துவிடு' என்று சொல்லலாம் என்பதை அவளுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், அவள் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும், அப்புறம்தான் கேள்வி. பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தோம். ஒரே ஊரில் எட்டாம் வகுப்பில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவள் ஒருத்திதான் இருக்கிறாள் என்றால், பெயரை மறைத்து என்ன பயன் என்று கேட்டார்கள். வயது, வகுப்பு, மாதம் எல்லாவற்றையும் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னார்கள். கைபேசியில் எடுத்த புகைப்படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கும், அதை எப்படி நீக்குவது என்று செய்தே காட்டினார்கள்.

ஒரு வகுப்பில் எங்கள் பெண் ஒருத்தி தன் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள், குரல் உடைந்தது. பயிற்சியாளர் உடனே நிறுத்தினார். 'உன் வலியைக் கொடுத்துத்தான் இந்த அறிக்கை எழுத வேண்டும் என்று இல்லை கண்ணா, இங்கே யாரும் தன் கதையைச் சொல்லியாக வேண்டும் என்று இல்லை' என்றார். வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேச ஒரு ஆலோசகரை ஏற்பாடு செய்தார், மறுநாள் நலம் விசாரித்தார். மனித உரிமை பேசுகிற எத்தனையோ கூட்டங்களில் ஒரு பெண் அழுதால்தான் கூட்டம் வெற்றி என்பதுபோல நடந்துகொள்வதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். இங்கே அது நடக்கவில்லை.

பரிந்துரை எழுதும் வகுப்பும் நன்றாகவே இருந்தது. 'அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்ற வரியை யார் எழுதினாலும் திருப்பி அனுப்பினார்கள். யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், செய்தார்களா என்று எப்படித் தெரியும்? இந்த நான்குக்கும் பதில் இல்லாத பரிந்துரை பரிந்துரையே இல்லை என்றார்கள். எங்கள் பெண்கள் கடைசியில் எழுதியது: கல்வித் துறை ஆண்டுக்கு இருமுறை எல்லாப் பள்ளிக் கழிப்பறைகளையும் மாணவிகளையும் சேர்த்துக்கொண்டு பார்வையிட வேண்டும், குறைகளை ஒரு பதிவேட்டில் எழுதி அதைப் பள்ளியிலேயே எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

இனி குறைகள்.

சின்னது முதலில். கேமராவைத் திறந்து வைக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். பாதுகாப்பு பற்றி இவ்வளவு சொல்லிக்கொடுப்பவர்களுக்கு, வீட்டில் ஒரே கைபேசியை அண்ணனோடு பகிர்ந்துகொண்டு சமையலறை மூலையில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணின் நிலை தெரிந்திருக்க வேண்டும். நான் சொன்ன பிறகு மாற்றினார்கள். பாடத் தாள்களில் 'கட்டமைப்புசார் தடைகள்', 'பங்குதாரர் ஒருங்கிணைப்பு' என்று வாயில் நுழையாத சொற்கள் நிறைய, பேச்சில் எளிமையாக இருப்பவர்கள் எழுத்தில் ஏன் இப்படி ஆனார்கள் என்று புரியவில்லை.

அடுத்தது கால அட்டவணை. சீடா குழு ஒரு நாட்டைப் பரிசீலிக்கும்போது குடிமக்கள் அமைப்புகள் எழுதிக் கொடுக்க இரண்டு தருணங்கள் உண்டு: அரசுக்கு அனுப்பும் கேள்விப் பட்டியலைக் குழு தயாரிக்கும்போது ஒன்று, அதன் பின் அரசோடு நேருக்கு நேர் உரையாடும் அமர்வுக்கு முன் இன்னொன்று. எங்கள் பயிற்சி தொடங்கியபோது முதல் தருணம் முடிந்துவிட்டிருந்தது. அதை ஆறாவது வாரத்தில்தான் எங்களிடம் சொன்னார்கள். கேள்விப் பட்டியலில் ஏறாத விஷயத்தை அமர்வில் எழுப்பவே முடியாது என்று இல்லை, ஆனால் கடினம். இது முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி.

பெரிய குறை எட்டாவது வாரத்தில் வந்தது. ஏழு வாரம் அந்தப் பெண்களின் சொல்லை அவ்வளவு கவனமாகக் காத்தவர்கள், கடைசித் திருத்தத்தைத் தங்கள் அலுவலகத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். சொல் வரம்பு இருக்கிறது, குழுவின் மொழியில் இருக்க வேண்டும் என்பது காரணம். அனுப்பிய பிறகு எங்களுக்கு வந்த பிரதியில் தாழ்ப்பாள் இல்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தோழி இல்லை. அந்த இடத்தில் இருந்தது: 'பள்ளிகளில் போதிய சுகாதார வசதிகள் இல்லை.' பதிவேட்டுப் பரிந்துரையும் 'கண்காணிப்பு வலுப்படுத்தப்பட வேண்டும்' என்று ஆகியிருந்தது. எழுதியவள் ஒன்றும் சொல்லவில்லை. 'பரவாயில்லை அக்கா, அவர்களுக்குத் தெரியும்தானே' என்றாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மூன்றாவது வாரத்தில் போன கூச்சம் திரும்ப வந்துவிட்டது.

நடை பற்றிய மனவருத்தம் மட்டும் என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். சில மாதம் கழித்து அமர்வு நடந்தது, ஐ.நா.வின் இணையத் தொலைக்காட்சியில் நேரலையாக எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். நிபுணர் ஒருவர் பள்ளிகளில் போதிய சுகாதார வசதிகள் உள்ளனவா என்று கேட்டார். வசதிகள் தொடர்ந்து மேம்படுத்தப்பட்டு வருகின்றன என்று பதில் வந்தது, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் இருக்கிறது, இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். அந்தப் பெண்ணின் வாக்கியம்தான் அறிக்கையில் இருந்தவற்றிலேயே தப்பிக்க முடியாத வாக்கியம், அதைத்தான் வெட்டினார்கள்.

அனுப்பிய பிறகு மௌனம் என்பது இன்னொன்று. பரிசீலனை முடிவில் குழு அரசுக்குச் சொல்லும் இறுதிக் கருத்துரைகள் வந்ததை நாங்களே தேடித்தான் தெரிந்துகொண்டோம். குழந்தைகள் உரிமைக் குழு 2009இல் வெளியிட்ட 12ஆம் பொதுக் கருத்துரை, குழந்தைகளைக் கேட்டு எதையும் செய்தால் அதற்கு ஒன்பது அடிப்படைத் தேவைகள் உண்டு என்கிறது. அதில் ஒன்று, நீங்கள் சொன்னதை என்ன செய்தோம், அதனால் என்ன ஆனது என்று அவர்களிடம் திரும்பி வந்து சொல்வது. இந்தப் பயிற்சியின் இரண்டாவது வாரத் தாளிலேயே அந்த ஒன்பதும் அச்சாகியிருக்கிறது!

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. முதல் ஏழு வாரத்துக்கு மட்டும் என்றால் தயங்காமல் நாலே முக்கால். யாராவது சேரப் போகிறீர்கள் என்றால், இது மட்டுமில்லை, இதுபோன்ற எந்தப் பயிற்சியானாலும், மூன்றைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். நம் நாட்டின் பரிசீலனை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? கடைசிப் பிரதியைப் பெண்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்புவீர்களா? அனுப்பிய பின் யார், எப்போது எங்களிடம் பேசுவார்கள்?

நாங்கள் இதையெல்லாம் மூன்று பக்கக் கடிதமாக எழுதினோம். பெண்களே எழுதினார்கள், கண்டது, கேட்டது, ஊகித்தது என்று பிரித்து. பதில் வர ஐந்து வாரம் ஆனது, ஆனால் நேர்மையான பதில். தவறு எங்களுடையது என்று நேராகவே சொல்லியிருந்தார்கள், அடுத்த முறை நடக்கும் பயிற்சியிலிருந்து கடைசித் திருத்தம் பெண்கள் இருக்கும் வகுப்பிலேயே நடக்கும் என்றும் எழுதியிருந்தார்கள்.

அடுத்து உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கு எழுத இருக்கிறோம். 2008 முதல் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் ஒன்றையொன்று கேள்வி கேட்கும் மீளாய்வு அது. தனி அமைப்பு அனுப்பும் அறிக்கைக்கு 2,815 சொல், பல அமைப்புகள் கூட்டாக அனுப்பினால் 5,630 சொல் என்பது வரம்பு. அடுத்த முறை நடக்கும் பயிற்சிக்கு எங்களில் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், தாழ்ப்பாள் வரியை எழுதியவளும் அதில் உண்டு. நேற்று அவள் அந்த இரண்டு வாக்கியத்தையும் எண்ணிப் பார்த்தாள். மொத்தம் பதினாறு சொல்.