அம்மாவைப் பார்க்க ஆள் தேடிய ஆறு கிழமை

தை மாதக் கடைசியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமி 1990 என்ற இலவச அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்திருக்கிறார். அம்புலன்ஸ் வந்தது, ஒரு சதம் வாங்கவில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் 17 நாள் வைத்துப் பார்த்தார்கள். அங்கே நடந்த வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி அம்மாவைக் கல்லடி வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் நான் லண்டனிலிருந்து போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், தாய் தகப்பனைக் கடைசிவரை பார்ப்பது மகள். கல்லடி வீடு என் பெயரில்தான் எழுதியிருக்கிறது. தம்பி களுவாஞ்சிக்குடியில் அவன் மனைவி வீட்டில் இருக்கிறான், அங்கே அவனுக்கு மாமனார் மாமியார் இருக்கிறார்கள். வீட்டைப் பெற்றுக்கொண்ட நான் லண்டனில். 2000ஆம் ஆண்டு வந்த முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்றுதான் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் எனக்கு நெஞ்சு சுடும்.

அதனால் ஆள் வைத்தோம். ஒரு ஏஜென்சிக்குத் தம்பி போன் பண்ணினான். "ட்ரெயின் பண்ணின பிள்ளைதான், பயப்படாதீங்க" என்றார்கள். மறுநாளே ஒரு பிள்ளை வந்தாள். 22, 23 வயது இருக்கும், வெள்ளை உடுப்பு, நல்ல மரியாதை. ஆஸ்பத்திரித் தாதிமாரைக் கூப்பிடுவதுபோல வீட்டில் எல்லோரும் "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று கூப்பிடத் தொடங்கினோம். நான் 11 வருடமாக லண்டனில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அந்த வெள்ளை உடுப்பைப் பார்த்து நானும் எதையும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய மனவருத்தம்.

நாலாம் நாள் காலை. அம்மாவுக்கு 20 வருடமாகச் சீனி வருத்தம், காலையும் இரவும் இன்சுலின். 6.30க்கு அந்தப் பிள்ளை ஊசி போட்டிருக்கிறாள். அம்மாவுக்கு ஓங்காளமாக இருந்ததால் இரண்டு வாய் பிட்டோடு வாயை மூடிவிட்டார். நான் குளித்துவிட்டு வந்து நெற்றியைத் தொட்டேன். கல்லடி வெக்கையில் வேர்ப்பது புதிதல்ல, ஆனால் இது சில்லென்ற வேர்வை. தலையணை நனைந்திருந்தது. பேச்சு குழறியது. "திரும்பவும் வாதம் வந்திட்டோ அக்கா" என்று அந்தப் பிள்ளை அழுதாள். விரலில் குத்தி மெஷினில் சீனி பார்த்தேன்: 48 mg/dL. 70க்குக் கீழே போனாலே ஆபத்து. நல்லவேளை, அம்மாவுக்கு அறிவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. நிமிர்த்தி இருத்தி, மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகப் பருக்கினேன். கால் மணித்தியாலம் கழித்து 79. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அறிவு மயங்கியிருந்தால் வாயில் ஒரு சொட்டுக்கூட விட்டிருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

அந்தப் பிள்ளையிடம் பிறகு ஆறுதலாகக் கேட்டேன். "ஊசிய நேரத்துக்குப் போடச் சொன்னாங்க அக்கா. சாப்பிடாட்டி என்ன செய்யிறண்டு ஆரும் சொல்லித் தரல்ல" என்றாள். அவள் படித்தது இரண்டு கிழமை வகுப்பு. பிரஷர் பார்ப்பது, படுக்கை விரிப்பது, பேம்பர்ஸ் மாற்றுவது, அவ்வளவுதான். அம்மாவுடையதுபோலக் கலங்கலான இன்சுலின் என்றால் போத்தலை உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கலக்கி எடுக்க வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. மேலே தெளிந்து நின்றதை அப்படியே இழுத்திருக்கிறாள். பிழை அவளுடையது என்று நான் சொல்லமாட்டேன். தெரியாத பிள்ளையிடம் ஊசியைக் கொடுத்தது அவர்கள், கேட்காமல் விட்டது நாங்கள்.

ஏஜென்சிக்குப் போனேன். பதிவு இருக்கிறதா என்று கேட்டதும் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பத்திரத்தைக் காட்டினார்கள். அது பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு. பலசரக்குக் கடைக்கும் அதே பத்திரம்தான். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் ஏதாவது உண்டா என்றேன். பதில் வரவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பொலிஸ் அறிக்கை எடுத்தார்களா என்றதற்கும் அதே மௌனம். "வேறு பிள்ளை அனுப்புகிறோம்" என்பதோடு முடித்துவிட்டார்கள். எங்களிடம் நாளுக்கு 3500 ரூபாய் வாங்கினார்கள். அவள் கைக்குப் போனது 2000.

சரி, இனி நாங்களே தேடுவோம் என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தோம். கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். குவைத்தில் ஆறு வருடம் ஒரு வயதான மனுசியைப் பார்த்தவள். சான்றிதழ் என்று ஒரு துண்டும் இல்லை. ஆனால் அம்மாவைத் திருப்புகிற விதத்தைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். கையைப் பிடித்து இழுக்கவில்லை. முழங்காலை மடக்கி, தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து, "பெரியம்மா, இப்ப இந்தப் பக்கம் போவமா" என்று கேட்டுவிட்டுத்தான் திருப்பினாள். வாதம் வந்த கையைத் தனியாகத் தலையணையில் வைத்தாள். அம்மா அவளை முதல் நாளே "மகள்" என்றார்.

அவளிடமும் ஒரு பிழை இருந்தது. அம்மாவின் இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டுகிற இடத்தில் தோல் சிவந்திருந்தது. அதில் நல்லெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தாள். எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். நான் அவள் விரலை எடுத்து அந்தச் சிவப்பில் அழுத்தி எடுக்கச் சொன்னேன். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவந்து நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. தேய்த்தால் உள்ளே இருக்கிற சதை இன்னும் நைந்துபோகும். அந்த இடத்தில் பாரம் விழாமல் வைத்திருப்பதுதான் வைத்தியம்: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், குதிக்கால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும், ஈரம் நிற்க விடக் கூடாது. ஒரு தடவைதான் சொன்னேன். அன்றைக்கு இரவு 2 மணிக்கு நான் எழும்பிப் பார்க்கும்போது அவள் நுளம்பு வலைக்குள் நின்று பக்கம் மாற்றிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் சிவப்பு முழுக்க மறைந்தது.

பாடசாலைக் கொப்பி ஒன்று வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்தேன். எந்த நேரம் எந்தப் பக்கம், ஊசிக்கு முன் சீனி எவ்வளவு, எத்தனை வாய் சாப்பாடு, குளிசை, மலசலம், தோல். சாப்பாடு தட்டில் வந்து அம்மாவும் சாப்பிடத் தயார் என்று தெரிந்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். சீனி 100க்குக் கீழே என்றால் போடாமல் எனக்கோ தம்பிக்கோ போன் பண்ண வேண்டும். இந்த அளவைக் கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன். ஒவ்வொருவருக்கும் அளவு வேறு, எங்கள் அளவை யாரும் எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து ஆள் வைக்கிறவர்களுக்கு ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். காசு அனுப்பும் முன் அந்தப் பெண்ணோடு நேரே வீடியோவில் பேசுங்கள். அடையாள அட்டை, கிராம சேவகர் கடிதம், முன்பு வேலை செய்த வீட்டுப் போன் நம்பர் மூன்றையும் கேளுங்கள். ஊசி, மூக்குக் குழாய், சலக்குழாய் என்று ஏதாவது இருந்தால், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும் அன்றே அவளை வார்ட்டுக்குக் கூட்டிப் போய், மிஸ்ஸிமார் செய்வதைப் பார்க்கவைத்து, அவர்கள் முன்னாலேயே ஒருதரம் செய்யவைத்து எடுங்கள். கேட்டால் சொல்லித் தருகிறார்கள், நான் கண்ணால் பார்த்தேன். மூக்குக் குழாயால் சாப்பாடு கொடுக்கிற வீடுகளில், படுக்கவைத்தபடி ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். தலை நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்து அரை மணித்தியாலமாவது அப்படியே இருக்க வேண்டும்.

அவளுடைய பாதுகாப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஆண்கள் வந்து போகிற வீட்டில், கொண்டி இல்லாத அறையில், ஒரு பெண்ணை இரவில் தரையில் படுக்கவிடுகிறோம். 60 கிலோ மனுசியைத் தனியே தூக்கச் சொல்கிறோம். நான் லண்டனுக்குத் திரும்புவதற்கு முன் கதவுக்குக் கொண்டி போட்டேன், கட்டில் வாங்கினேன், காலையில் குளிப்பாட்டும்போது மாமியைக் கைகொடுக்கச் சொன்னேன். இடையில் ஆள் வைக்காமல் காசை அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போடுகிறேன்.

தினமும் லண்டனில் பின்னேரம் 4 மணிக்கு, ஊரில் இரவு 8.30, அவள் கொப்பியைக் கமெராவுக்கு முன் பிடிக்கிறாள். நான் வரி வரியாக வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. காலை பஸ்ஸில் மண்முனைப் பாலம் தாண்டித் தன் பிள்ளைகளிடம் போய்விட்டுத் திங்கள் விடிய வருவாள். அந்த ஒரு நாளுக்குப் பழகின ஆள் இன்னும் கிடைக்கவில்லை. 68 வயது மாமிதான் பார்க்கிறார்.