அடர்த்தியா, ஒப்படர்த்தியா: எந்த வேலைக்கு எது?

இரும்பின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 7,870 கிலோகிராம். அதன் ஒப்படர்த்தி, அதாவது நீரின் அடர்த்தியைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் எண், 7.87. ஆயிரத்தால் வகுத்து அலகைக் கழற்றிவிட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடுகிறதே, இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று பாடமாகப் படிக்கும்போது தோன்றும். அளக்க உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அடர்த்திக்கு நிறையும் வேண்டும், கன அளவும் வேண்டும். நிறைக்குத் தராசு போதும். தொல்லை கன அளவில்தான். கரடுமுரடான ஒரு கல்லை அளவு ஜாடியில் போட்டு நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்க்கலாம். ஆனால் மட்டம் 20 மில்லி ஏறியிருக்கும்போது 1 மில்லி தவறாகப் படித்தாலே விடை 5 சதவீதம் பிசகிவிடும்.

ஒப்படர்த்திக்கு அந்தத் தொல்லையே இல்லை. கல்லை நூலில் கட்டித் தராசில் தொங்கவிடுங்கள்: 270 கிராம். அப்படியே தண்ணீரில் முழுதும் மூழ்கவிடுங்கள்: 170 கிராம். குறைந்த 100 கிராம்தான் கல் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. 270-ஐ 100-ஆல் வகுத்தால் 2.7. கன அளவு என்ற பேச்சே எழவில்லை. இன்னொரு லாபமும் உண்டு. தராசு எல்லா எடையையும் 2 சதவீதம் கூட்டிக் காட்டுகிற ரகமாக இருந்தாலும் வகுக்கும்போது அந்தப் பிழை அடிபட்டுப் போகும். மட்டமான கருவியிலிருந்து நல்ல விடை கிடைப்பது அபூர்வம். என் ஓட்டு இங்கே ஒப்படர்த்திக்குத்தான்.

திரவமென்றால் இன்னும் சுலபம். மிதவைக் கருவியை உள்ளே விட்டு அளவுகோலைப் படித்தால் வேலை முடிந்தது. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய-அமில பேட்டரியின் அமிலம் ஏறக்குறைய 1.28 காட்டும், சார்ஜ் நன்றாக இறங்கிவிட்டால் 1.15-க்கும் கீழே போகும்.

சரி, கணக்குப் போடும்போது? அங்கே அடர்த்திதான் ராஜா. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் நீர் தரும் அழுத்தம் (அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × ஆழம்) 1,025 × 9.8 × 10, அதாவது சுமார் 1 லட்சம் பாஸ்கல். அடர்த்தியின் இடத்தில் ஒப்படர்த்தியான 1.025-ஐப் போட்டால் வெறும் 100 பாஸ்கல் வரும். பாதரசக் கணக்கில் 13,600-க்குப் பதிலாக 13.6 போட்டு மதிப்பெண் இழப்பதும் இதே கதைதான்.

மிதக்குமா, எவ்வளவு மூழ்கும் என்பதற்கு மட்டும் விகிதமே நேரடியான பதில். பனிக்கட்டி 0.917. நன்னீரில் சுமார் 92 சதவீதம் உள்ளே இருக்கும். கடல்நீரோடு ஒப்பிட்டால் விகிதம் 0.895, அதனால் கொஞ்சம் கூடுதலாக வெளியே தெரியும்.

ஒப்படர்த்தியின் பலவீனமும் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. எதோடு ஒப்பிட்டோம், எந்த வெப்பநிலையில் என்று சொல்லாவிட்டால் அந்த எண் அரைகுறை. 20 டிகிரி செல்சியஸில் எத்தனாலின் அடர்த்தி 789. அதை 4 டிகிரி நீரோடு ஒப்பிட்டால் 0.789, அதே 20 டிகிரி நீரோடு ஒப்பிட்டால் 0.791. பள்ளிக் கணக்குக்கு இது பொருட்டில்லை. தொட்டி தொட்டியாக விற்பவருக்குப் பொருட்டுதான்.

வாயுக்களில் இந்தக் குழப்பம் ஆபத்தாகவே முடியலாம். புரொப்பேன் திரவமாக இருக்கும்போது நீரோடு ஒப்பிட ஏறக்குறைய 0.5. கசிந்து வாயுவானபின் காற்றோடு ஒப்பிட ஏறக்குறைய 1.5. பட்டியலில் 0.5-ஐ மட்டும் பார்த்தவர் ‘லேசான பொருள், மேலே போய்விடும்’ என்று நினைத்துவிடுவார். உண்மையில் அது தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். மீத்தேன் காற்றோடு ஒப்பிட 0.55தான், அது மேலே எழும். அதனால்தான் கசிவு உணர்கருவியைப் புரொப்பேனுக்குத் தரையருகிலும் மீத்தேனுக்குக் கூரையருகிலும் பொருத்துகிறார்கள்.