வடக்குக் காலில் இடிக்கும் மவுண்ட்

தொலைநோக்கியைத் தாங்கி, நட்சத்திரங்களின் நகர்வுக்கு ஏற்பத் திருப்பும் மவுண்ட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் விலை குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று கும்பகோணத்து நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். எடை தாங்கும் திறன், மோட்டார் விவரமெல்லாம் தெரிந்ததுதான், விடுங்கள்.

என் எரிச்சல் ஒன்றே ஒன்று: தொலைநோக்கிக்கு ஈடாக மறுபக்கம் எடை மாட்டும் கவுண்டர்வெயிட் கம்பி. மன்னார்குடி 10.7 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் நிற்கும். மவுண்டின் சுழலும் அச்சு அதை நோக்கியே இருக்க வேண்டும் என்பதால், அச்சைக் கிட்டத்தட்டப் படுக்க வைக்க வேண்டும். கையேட்டில் ‘10 டிகிரி முதல்’ என்று போட்டிருக்கிறார்கள். போட்டவர் 10 டிகிரியில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார். படமெடுக்கும் நெபுலா, அதாவது விண்வெளி வாயு மேகம், மேற்கே சாயச் சாய எடை கீழிறங்கி, ட்ரைபாடின் (முக்காலியின்) வடக்குக் காலில் ‘ணங்’கென்று இடிக்கும். நட்சத்திரத்தை மவுண்ட் பிசகாமல் பின்தொடர்கிறதா என்று திரையில் காட்டும் கைடிங் கோடு எகிறும், அந்த ஐந்து நிமிடப் படம் போச்சு. மங்கலான நெபுலாவுக்கு இப்படிப்பட்ட படங்களை மணிக்கணக்கில் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஸ்டாக் செய்தால்தான் ஏதாவது தலைகாட்டும்.

விற்ற கடையில் ட்ரைபாடைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். திருப்பினால் திசை சரிசெய்யும் முளை எதிர்ப்பக்கம் போய்விடுகிறது.

கடைசியில் கைகொடுத்தது பம்புசெட் வேலை பார்க்கும் லேத் பட்டறை அண்ணன். மவுண்டின் அடித்துளைகளில் கிரீஸ் தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்துக்கொண்டார். ஒரு முழ இரும்புக் குழாயை வெட்டி, இரண்டு முனையிலும் தட்டு பற்றவைத்தார். “எதுக்கு தம்பி இது?” என்றார். “நட்சத்திரம் போட்டோ எடுக்கண்ணே.” “அப்ப ஆடக் கூடாது,” என்று தட்டைக் கூடுதல் கனத்தில் போட்டுத் தந்தார். அதை மவுண்டுக்கும் ட்ரைபாடுக்கும் நடுவில் பொருத்தியதும் இடிப்பது நின்றது.

நியாயமாகச் சொன்னால், டிராக்கிங்கில் குறையே இல்லை. துருவ நட்சத்திரத்தைத் தென்னந்தோப்பு மறைத்தாலும், வானப் படமெடுக்கும் நினா (NINA) மென்பொருளில், வானின் மூன்று இடங்களைப் படமெடுத்துக் கணக்கிடும் மூன்று புள்ளி முறையில் அச்சைச் சரிசெய்துவிடலாம். தைப் பனிக்கு லென்ஸில் ஹீட்டர் பட்டை கட்டித்தான் ஆக வேண்டும், அது மவுண்டின் குற்றமில்லை. பக்கத்து வயலில் ராத்திரி அறுவடை மிஷின் இறங்கினால் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். மற்ற நாட்களில் நெபுலா ஒளியின் இரண்டு குறுகிய நிறப்பட்டைகளை மட்டும் விடும் 7 நானோமீட்டர் இரட்டைப்பட்டை ஃபில்டரைப் போட்டு, தென்வானின் வேலா விண்மீன் கூட்டத்துப் பக்கம் திருப்பினால், ஆஸ்திரேலியர் கோலின் கம் 1955-இல் வெளியிட்ட நெபுலா பட்டியலிலுள்ள கம் 15 (Gum 15) கிடைக்கும். சிவப்புக்கு நடுவே கருந்தூசிக் கோடுகள் கிளை பிரிவதை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது வீட்டில் எல்லாரையும் எழுப்பிவிட்டேன். லண்டன்காரருக்கு அது உதிக்கவே உதிக்காது. நமக்கு அடிவானத்திலிருந்து 38 டிகிரி ஏறி வருகிறது.

சரி, வாங்கலாமா? வேண்டாம். போன வாரம் உயரம் சரிசெய்யும் போல்ட்டும் வளைந்துவிட்டது. அச்சு இவ்வளவு தாழ்ந்திருக்க, பாரமெல்லாம் அதன்மேல்தான். நண்பரிடம் வேண்டாம் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். போல்ட் இப்போது அதே பட்டறையில் இருக்கிறது, மாசிக்குள் வந்தாக வேண்டும். சித்திரை பிறந்தால் இருட்டிய கொஞ்ச நேரத்திலேயே கம் 15 மேற்கே சாயத் தொடங்கிவிடும்.