பாக்கெட்டா, ஆல் இன் ஒன்னா, மல் துணியும் கவருமா: எங்க வீட்டுக் கொடியில காஞ்சது எது

பொண்ணுக்கு மூணாவது மாசம் நடக்குறப்ப, ராத்திரி பால் குடுத்துட்டே ஒத்தக் கையால போன்ல தேடி, துவைச்சு துவைச்சு போடற துணி டயப்பர்ல பூப்போட்ட பாக்கெட் ரகம் 8 ஆர்டர் போட்டேன். இப்ப அவளுக்கு 14 மாசம். அந்த எட்டுல நாலு தங்கச்சி வீட்டுக்குப் போயாச்சு, மீதி நாலு வெளிய போறப்ப மட்டும். தினப்படி ஓடுறது 24 மல் துணியும் (மெல்லிசு பருத்தித் துணி) அதுக்கு மேல போடற 5 கவரும்தான். நான் எந்தப் பக்கம் சாயப்போறேன்னு இதுலயே தெரிஞ்சிருக்கும்.

டிஸ்போசபிளை இதுல இழுக்கல. துணியில காசு மிச்சம், குப்பை கம்மிங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ராத்திரி 3 மணிக்கு டிஸ்போசபிள்தான் சொர்க்கம்ங்கறதும் தெரிஞ்சதுதான்.

பாக்கெட்னா வெளிய ஈரம் கசியாத பியூஎல் துணி, உள்ள வழுவழுன்னு ஒரு லேயர், நடுவுல பை மாதிரி ஒரு திறப்பு, அதுக்குள்ள ஈரத்தை உறிஞ்சுற பட்டையை, அதான் இன்சர்ட், திணிக்கணும். ஆல் இன் ஒன்ல உறிஞ்சுற பட்டையை அதோடவே தைச்சிருப்பாங்க, அப்படியே மாட்டி விட்டா முடிஞ்சுது. மூணாவது ரகம் நம்ம பாட்டி காலத்து துணியேதான், சதுரத் துணியை மடிச்சு பட்டையாக்கி ஈரம் கசியாத கவருக்குள்ள வெச்சு பட்டன் போடறது. வெறும் மூச்சான்னா துணியை மட்டும் மாத்தினா போதும், கவரை துடைச்சு காத்தாட விட்டு இன்னும் ரெண்டு தடவை ஓட்டலாம். கக்கான்னா ரெண்டும் வாளிக்குப் போகும்.

போட்டு விடறதுக்கு சுலபம் ஆல் இன் ஒன்தான், அதுல சண்டையே இல்ல. க்ரெச்சுல விடறவங்க, வீட்ல வயசானவங்க மட்டும் பாத்துக்கறாங்கன்னா கண்ணை மூடிட்டு அதையே வாங்குங்க. என்கிட்ட இருந்தது ரெண்டே ரெண்டுங்கறதால அதைப் பத்தி இதுக்கு மேல பேசினா நல்லா இருக்காது.

எங்க வீட்ல முடிவு பண்ணினது ஒரே ஒரு விஷயம்: காயறது. எங்களுக்கு சென்னையில ரெண்டாவது மாடி, ஆறடி பால்கனி, ரெண்டு கொடி. புரட்டாசி வரைக்கும் பாக்கெட் ஜம்முனு போச்சு, காலையில போட்டா மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும், நானும் எல்லாருக்கும் போட்டோ அனுப்பி பெருமை பீத்திட்டு இருந்தேன். ஐப்பசி பொறந்துச்சு, அடைமழை. மூங்கில் துணி இன்சர்ட்டுன்னு காசு கூட குடுத்து வாங்கினது மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல ரெண்டு விரலால அழுத்துனா ஜில்லுனு ஈரம், நாலு லேயர்ல உள்ளது மட்டும் காயாது. ரெண்டு நாள் ஃபேனுக்கு அடியில கெடந்தும் அதே கதை. ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு ஹேர் ட்ரையரை வெச்சு இன்சர்ட்டை காய வெச்சுட்டு இருந்தேன், வீட்டுக்காரர் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போய் ஒரு பேக் டிஸ்போசபிள் வாங்கிட்டு வந்துட்டார். மைக்ரோஃபைபர் இன்சர்ட் சீக்கிரம் காயும்தான், ஆனா அதை நேரா தோல்ல படற மாதிரி வெக்கக்கூடாது, தோல்ல இருக்க ஈரத்தையும் சேர்த்து இழுத்துரும்.

அப்பதான் அத்தை பீரோல இருந்து மாமாவோட பழைய எட்டு முழ வேட்டியை எடுத்துட்டு வந்தாங்க. ரெண்டடி சதுரமா வெட்டினா பத்துத் துண்டு தேறுச்சு. பழைய வேட்டி மெலிசுங்கறதால ரெண்டு ரெண்டா சேர்த்து மடிச்சேன். மழையிலயும் ஃபேனுக்கு கீழ பிரிச்சுப் போட்டா மூணு மணி நேரத்துல காயுது, ஏன்னா விரிச்சா ஒத்த லேயர்தான! அடுத்த வாரமே மல் துணி மீட்டர் கணக்குல வாங்கி தெருமுனை டெய்லர்கிட்ட ஓரம் அடிச்சு வாங்கிட்டேன்.

துவைக்கறதுலயும் இதே கதைதான். எங்களுக்கு வர்றது போர் தண்ணி, உப்பு. சோப்பு சரியா நுரைக்காது, நுரைச்சாலும் அலச அலச போகாது, அந்தப் படிவு தடி இன்சர்ட்டுக்குள்ள தங்கிடும். கொஞ்ச நாள்ல மூச்சா போனதும் மூக்கைத் துளைக்கிற அமோனியா வாடை, தொடையில செவப்பு. ஒத்த லேயர் துணியில தண்ணி பூந்து புறப்பட்டுப் போயிருது. எதை வாங்கினாலும் கம்ஃபோர்ட் மாதிரி வாசனை சமாச்சாரம் எதையும் ஊத்தாதீங்க, துணி மேல படலம் மாதிரி படிஞ்சு உறிஞ்சவே உறிஞ்சாது. ரேஷ் க்ரீமும் அப்படித்தான், தடவினா நடுவுல ஒரு மெல்லிசுத் துணி வெச்சுருங்க.

கவர் விஷயத்துல ஒரு சோகம் இருக்கு. அத்தை பாவம், கிருமி போகட்டும்னு நல்ல மனசோட ரெண்டு கவரை கொதிக்கற தண்ணியில போட்டுட்டாங்க. உள்பக்க படலம் பால் ஏடு மாதிரி சுருண்டு உரிஞ்சு வந்துருச்சு. வெந்நீர் துணிக்கு ஓகே, கவருக்கு பச்சத்தண்ணி போதும், இஸ்திரி பொட்டி பக்கமே போகக்கூடாது.

துணியில குறையே இல்லன்னு சொன்னா பொய். மடிக்கணும், தெனமும் ஒரு குவியல் மடிக்கணும். பாக்கெட்ல இருக்கற அந்த ஈரம் தெரியாத லேயர் இதுல கிடையாது, சில குழந்தைங்க நனைஞ்ச உடனே கத்தும், எங்களுது கத்துச்சு, பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்ட முடியாது. ராத்திரிக்கு நான் ரெண்டு துணியை ஒண்ணா மடிச்சு வெக்கறேன், அதுவும் விடியக்காலம் நாலு மணி வரைக்கும்தான் தாங்கும். நடக்க ஆரம்பிச்சப்புறம் மடிப்பு நகர்ந்து ஓரமா கசியறது இப்பதான் ரெண்டு வாரமா ஆரம்பிச்சிருக்கு, அதுக்கு வழி இன்னும் பாத்துட்டு இருக்கேன்.

வித்தா காசு வருமான்னு கேட்டா பாக்கெட்டுக்குத்தான் வரும், எலாஸ்டிக் தளராம இருந்தா. பழைய வேட்டியை யாரு வாங்குவா.

பொறந்த உடனே எந்த ஃப்ரீ சைஸையும் வாங்கி அடுக்காதீங்க. தொடை குச்சி மாதிரி இருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் இடுக்கு விழும், தொப்புள் காயிற வரைக்கும் அங்க எதுவும் உரசவும் கூடாது. முடிச்சு போடற சாதா நாப்கின்லயே ரெண்டு மாசம் ஓட்டுங்க, 5 கிலோ தாண்டினதும் 12 துணி, ரெண்டு வேற வேற கம்பெனி கவர், அவ்ளோதான். எந்தக் கவர் உங்க குழந்தை தொடைக்கு உக்காருதுன்னு பாத்துட்டு மீதியை வாங்குங்க. புதுத் துணியை அஞ்சாறு தடவை துவைச்சுட்டு போடுங்க, கடையில வாங்குன கையோட போட்டீங்கன்னா தண்ணி மேலயே உருண்டு ஓடி உங்க மடியிலதான் வந்து நிக்கும்.