வாங்கியது பாதி, கட்டியது பாதி: கோத்தகிரியில் ஒரு எடிட்டிங் லேப்டாப்

புது லேப்டாப் கைக்கு வந்த வாரமே எழுதப்படும் விமர்சனங்களில் ஒரு மழைக்காலம்கூட இருக்காது. என்னுடையது 2022இல் வாங்கியது. கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அதைவிட வலுவாக வடகிழக்கும் உண்டு. அந்த ஈரத்தையும் மார்கழிக் குளிரையும் முகூர்த்த மாதங்களின் இரவு வேலையையும் பார்த்துவிட்ட மெஷின் இது. 4கே கல்யாண வீடியோ எடிட்டிங், இடையிடையே காட்டுமாடு, பறவை ஃபுட்டேஜ், கொஞ்சம் பிளெண்டரில் 3டி. இதுதான் என் வேலை. மாடல் பெயர் சொல்லிப் பயனில்லை, இப்போது கடைகளில் அது கிடைப்பதில்லை. உள்ளே இருப்பது இன்டெல் ஐ7-12700ஹெச் ப்ராசஸர், 6 ஜிபி மெமரியோடு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு.

வாங்குவதற்கு முன் எனக்கும் அந்த ஆசை இருந்தது: நல்ல பாகமாகப் பார்த்து நாமே ஒன்றைக் கட்டிவிடலாமே என்று. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடையில் கேட்டேன்.

“டெஸ்க்டாப்னா நாளைக்கே தர்றேன் தம்பி. லேப்டாப்புக்கு பாடிய எங்க போய் வாங்குவீங்க?”

விஷயம் முழுக்க அந்தக் கேள்வியில் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் ஏடிஎக்ஸ் என்று ஒரு பொது அளவு இருப்பதால் எந்த நிறுவனத்தின் ஏடிஎக்ஸ் போர்டும் ஏடிஎக்ஸ் பெட்டியில் உட்காரும். லேப்டாப்பில் அப்படி ஒரு பொது அளவே கிடையாது. மாடலுக்கு ஒரு மதர்போர்டு, அதன் வடிவத்துக்கு, சூட்டை இழுத்து வெளியே விடும் உலோக ஹீட்சிங்க் ஒன்று. இன்டெலின் நான்காம் தலைமுறை வரை, அதாவது 2013இல் வந்த ஹாஸ்வெல் வரை, சாக்கெட்டில் செருகும் லேப்டாப் ப்ராசஸர்கள் இருந்தன. அதற்கடுத்த தலைமுறையிலிருந்து எல்லாமே போர்டில் ஒட்டித்தான் வருகின்றன. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்ட எம்எக்ஸ்எம் என்றொரு முறை இருந்தது, அதுவும் தேய்ந்துபோனது. தைவானின் கிளெவோ போன்ற நிறுவனங்கள் ராம், எஸ்எஸ்டி இல்லாத வெறும் உடலாகத் தயாரித்துக் கொடுக்கும், அதிலும் ப்ராசஸர் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். கிராஃபிக்ஸையே தனிப் பகுதியாகக் கழற்றி மாட்டும் ஃப்ரேம்வொர்க் 16 வந்தது 2024இல். எனக்கு அது தாமதம்.

அப்படியென்றால் டெஸ்க்டாப்பே அசெம்பிள் செய்திருக்கலாமே என்று வீட்டிலேயே கேட்டார்கள். அதே பணத்துக்கு வேகம் கூடுதலாகக் கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கரண்ட் அப்படி. பைகாராவிலும் குந்தாவிலும் மின்சாரம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பும் மலை இது. ஒரு காற்றடித்தால் கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ லைன் மேல் விழுந்து, லைன்மேன் வரும்வரை நாங்கள் இருட்டில்தான். கரண்ட் இருக்கும்போதும் லைனின் கடைசியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாயங்காலம் ஆனால் லோ வோல்டேஜ். டெஸ்க்டாப்புக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிகளில் மலிவானவை பலவும் அந்த வோல்டேஜில் படுத்துவிடும். லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 100–240 என்று போட்டிருக்கும். பல்பு மங்கி எரியும் நேரத்திலும் என் ரெண்டர் நிற்கவில்லை. கரண்ட் போனால் கிராஃபிக்ஸ் வேகம் சட்டென்று இறங்கும், ஆனால் வேலை அழியாது. மலையில் பேட்டரிதான் முதல் யுபிஎஸ்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உலோக மூடி உள்ள லேப்டாப்பில் கை வைத்தால் விறுவிறு என்று இழுக்கிறதா? பெரும்பாலும் லேப்டாப் மேல் தவறில்லை, ப்ளக் பாயிண்டில் எர்த் வேலை செய்யவில்லை. பழைய எஸ்டேட் வீடுகளில் இது ரொம்ப சகஜம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த அன்றே எனக்கு அது நின்றது.

இனி சூடு. மலைக்குளிரில் லேப்டாப் சூடே ஆகாது என்று நினைப்பவர்கள் அதிகம். பாதிதான் சரி. கோத்தகிரி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் வெளியே தள்ளும் காற்றின் எடை குறைகிறது. ஆனால் அறையே 15 டிகிரியில் இருக்கும்போது அந்தக் குறை ஈடாகிவிடுகிறது. சித்திரையில் கீழே ஒரு கல்யாணத்துக்குப் போய் அங்கேயே எடிட் செய்தபோதுதான் இந்த ஃபேனுக்கு இவ்வளவு சத்தம் போடத் தெரியும் என்பதே தெரிந்தது.

எங்கள் ஊரில் ஃபேனுக்கு எதிரி புழுதி இல்லை, கம்பளி. ஸ்வெட்டர், சால்வை, மெத்தை மேல் விரித்த ரக்கு, எல்லாவற்றிலிருந்தும் உதிரும் நூல் ஹீட்சிங்க் இடுக்கில் போய்ப் படிந்து, மெல்லிய துணி ஒட்டியதுபோல் அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஊதினால் போகாது, பின்மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். மடியில் போர்வைக்கு மேல் வைத்து வேலை செய்வது குளிருக்கு இதம்தான், காற்று உள்ளே போகும் வழி அடைபடும். ஒரு பலகை போதும்.

நான் ‘கட்டியது’ என்று சொல்வது மூடியைக் கழற்றிய பிறகு நடந்ததைத்தான். ராமுக்கு இரண்டு ஸ்லாட், எஸ்எஸ்டிக்கு இரண்டு எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் இந்த மாடலையே எடுத்தேன். 16 ஜிபியோடு வந்தது. எட்டு எட்டாக இருந்த இரண்டையும் எடுத்துவிட்டு 16 ஜிபி டிடிஆர்4 குச்சிகள் இரண்டு போட்டேன். ஒரே பெரிய குச்சியாகப் போடாதீர்கள், இரண்டு சேனலும் ஓடினால்தான் வேகம். இரண்டாவது ஸ்லாட்டில் 2 டிபி எஸ்எஸ்டி: சிஸ்டம் ஒன்றில், ஃபுட்டேஜ் ஒன்றில். காசுக்கு அதிக மாற்றம் தெரிந்தது இதில்தான். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் சாதாரண தெர்மல் பேஸ்ட் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நாளடைவில் சிப்பின் நடுவிலிருந்து ஒதுங்கிவிடுகிறது. அதனால் வாரண்டி முடிந்ததும், அதற்குப் பதிலாக, சூட்டில் இளகிப் படியும் ஃபேஸ் சேஞ்ச் பேட் ஒட்டினேன். அதன் பிறகு சூடு மறுபடி மெல்ல மெல்ல ஏறும் தொல்லை இல்லை.

ஒட்டி வரும் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சின்ன விஷயம் பெரிதாக உதவியது. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் நிறத் தகவல் அதிகம் உள்ள 10-பிட் 4:2:2 ஹெச்.265 என்ற வீடியோ வடிவில் பதிவு செய்கின்றன. அதை என்விடியாவின் 30, 40 வரிசைக் கார்டுகள் நேரடியாக டிகோட் செய்யாது. 50 வரிசையில்தான் அது வந்தது. ஆனால் இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் உள்கிராஃபிக்ஸ் 11ஆம் தலைமுறையிலிருந்தே செய்கிறது. அதனால் கேமர்கள் சொல்வதைக் கேட்டு ‘கார்டு மட்டும்’ என்ற மோடுக்கு மாற்றிவிடாதீர்கள். பல லேப்டாப்களில் அப்போது உள்கிராஃபிக்ஸ் அணைந்துவிடும், டைம்லைன் திக்கும். நான் எப்போதும் இரண்டும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் மோடில்தான் வைத்திருக்கிறேன்.

குறை என்றால் அந்த 6 ஜிபி. டெஸ்க்டாப்பில் இதே 3060 என்ற பெயரில் 12 ஜிபி கார்டு விற்றார்கள். லேப்டாப்பில் அதே பெயருக்குப் பாதி. படுகர் கல்யாணத்தில் வெள்ளை உடுத்தி வட்டமாக ஆடுவார்கள், பார்க்க அவ்வளவு அழகு. பொழுது சாய்ந்த பிறகு எடுத்த அந்த ஆட்டத்துக்கு 4கேயில், இருட்டில் விழும் புள்ளிகளைக் குறைக்க நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் கிராஃபிக்ஸ் மெமரி நிரம்பி நின்றுவிடும். ராமை எவ்வளவு கூட்டினாலும் இதற்கு உதவாது. துண்டு துண்டாக ரெண்டர் செய்து ஒட்டுகிறேன், வேறு வழியில்லை.

ஈரத்துக்குப் பயந்த அளவு சேதமில்லை. தினமும் ஓடும் மெஷின் தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்கிறது, மாதக்கணக்கில் பையில் மூடி வைத்தால்தான் ஆபத்து. லென்ஸோடு சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைப்பேன். உறைபனி இரவில் காரிலேயே இருந்த லேப்டாப்பை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் ஆன் செய்யக் கூடாது. உள்ளே நீர் பூத்திருக்கும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது விட்டுவிடுவேன்.

சர்வீஸ் பற்றி ஒரு வரி. ‘வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம்’ என்று அட்டையில் இருந்தது. திரையைத் தாங்கும் ஹிஞ்ச் (கீல்) தளர்ந்தபோது, 643இல் தொடங்கும் பின்கோடைக் கேட்டதும் கீழே கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். வாங்கும் முன்பே உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் கேட்பவர்களுக்கு, “ராம் குறைவாக வாங்குங்கள், பிறகு நாமே போட்டுக்கொள்ளலாம்” என்பேன். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்காக மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எங்கேயோ போய்விட்டது. க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. அதனால் இப்போது கேட்டால் மாற்றிச் சொல்கிறேன்: 32 ஜிபியோடு வருவதையே எடுங்கள், ஆனால் ஸ்லாட் உள்ள மாடலாக இருக்கட்டும். கிராஃபிக்ஸில் 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், முடிந்தால் 12. எஸ்எஸ்டி ஸ்லாட் இரண்டு கட்டாயம். மெல்லியதாக, ராமும் போர்டிலேயே ஒட்டி வரும் அழகு மாடல்களை நான் தொடமாட்டேன்.

அடுத்து மாற்ற வேண்டியது பேட்டரி. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி வைத்தும் முன்புபோல் தாங்குவதில்லை. அசல் பேட்டரிக்குக் கோவையில் சொல்லி வைத்திருக்கிறேன். பாதி விலைக்கு ஆன்லைனில் கிடைக்கும் பெயர் தெரியாத பேட்டரியை, ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடவிட்டுத் தூங்கும் மரத்தளம் போட்ட வீட்டில் மாட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.